பெரும்பான்மைக் கணினிகளுக்கு மட்டுமா பாதுகாப்பு?

கணினி மென்பொருட்களை அவ்வப்போது இற்றைப்படுத்துமாறு நிபுணர்கள் வலியுறுத்தி வருகின்றனர். அந்த அறிவுரையை ஏற்று நடந்தவர்களே பாதிக்கப்பட்ட சம்பவம் ஒன்று 2024 ஆகஸ்ட் மாதத்தில் இடம்பெற்றது.

மைக்ரோசொப்ட் நிறுவனம் அம்மாதம் 13ஆம் திகதி விண்டோஸிற்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தலை வெளியிட்டது. லினக்ஸைத் தொடக்கி வைக்கும் 'கிரப்' மென்பொருளில் 2022இல் வெளிப்பட்ட குறைபாடொன்றைத் தீயோர் பயன்படுத்தாது தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அதற்காக, பாதுகாப்பற்ற பழைய தொடக்க மென்பொருட்களை நிராகரிக்குமாறு கணினிக்குக் கட்டளையிடப்பட்டது. விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே நிறுவப்பட்ட கணினிகளில் இக்கட்டளை செயற்படாது என நிறுவனம் உறுதியளித்திருந்தது. ஆனால், நடந்ததோ வேறு. அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. வழமைக்கு மாறாக அமைக்கப்பட்ட சில கணினிகளைத் தமது கருவி இனங்காணவில்லை என நிறுவனம் பின்னர் ஒப்புக்கொண்டது. முழுமையான தீர்வு 2025 மே மாதத்திலேயே கிடைத்தது.

இதனைச் சிறிய விடயமாகச் சிலர் கருதக்கூடும். நானுஓயாவின் தோட்டக் குடியிருப்பொன்றிலிருந்து நோக்கினால் அவ்வாறு தோன்றாது. பிறர் பாவித்த கணினியொன்றை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸையும் அதில் சேர்த்துக்கொள்வது வசதியீனம் கற்றுத்தரும் சிக்கனமாகும். அக்கணினியில் லினக்ஸ் தொடங்காதுவிட்டாலும் கோப்புகள் அழிவதில்லை. 'செக்கியூர் பூட்' எனும் காவல் ஏற்பாட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸினுள் ஒரு கட்டளையை இட்டு அதனை மீட்க முடியும். இதனை அறியாத மாணவனோ நுவரெலியா நகருக்குக் கணினியைச் சுமந்து செல்வான். தாயின் ஒருநாள் கொழுந்துச் சம்பளம் அதற்கே போய்விடும். திருத்துபவர் அனைத்தையும் அழித்து விண்டோஸை மட்டும் நிறுவிவிட்டால், உயர்தரப் பரீட்சைக்காக அவன் சேமித்த செயன்முறை வேலைகளும் அத்துடன் போய்விடும்.

பாதுகாப்பு அவசியமானது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் பெரும்பான்மையோரின் அமைப்பே எல்லோருடைய அமைப்பும் என எண்ணிச் செயற்படுவது பாதுகாப்பாகாது. ஐயம் எழுமிடத்தில் கருவி நின்று, உரிமையாளரைக் கேட்க வேண்டும்.

விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றதால், பழைய கணினி வைத்திருப்போர் லினக்ஸை நாடுவது அதிகரிக்கலாம். எனவே, மீட்கும் வழிமுறைகளையும், இற்றைப்படுத்தலுக்கு முன் கோப்புகளைப் பிரதிசெய்து வைக்கும் அவசியத்தையும் மலையக மாணவர்களுக்குத் தமிழில் விளக்குவதற்கு வலயக் கல்வி அலுவலகங்களும் கணினி வள நிலையங்களும் முன்வர வேண்டும். இது பெருஞ்செலவு கோரும் பணியன்று. அக்கறையை மட்டுமே கோருவது.