அறை வாடகையும் நேர்மாறல் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துப் படியுங்கள்.

போன மாதம் என் மைத்துனருக்கு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். வயது 66. மூன்று லட்ச ரூபாய்க்கு பாலிசி இருக்கிறது. மகன் வருடம் தவறாமல் கட்டுகிறான். "கேஷ்லெஸ் மாமா, கையிலிருந்து ஒன்றும் போகாது" என்று சொல்லித்தான் உத்தமபாளையத்திலிருந்து கூட்டிப் போனான். டிஸ்சார்ஜ் அன்று பில் 1,80,000. நாங்கள் கட்ட வேண்டியது 84,000 என்றார்கள். ராத்திரி எட்டு மணிக்கு யாரிடம் போய்க் கேட்பது? நகை அடகுக்குப் போனது.

ஊருக்கு வந்தபின் பாலிசியை வாங்கிப் படித்தேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது, பொடி எழுத்தில். (எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன்.)

அறை வாடகை வரம்பு காப்புத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. இவர்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை. கூடுதல் வாடகையை மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி இல்லை. வாடகையில் பாதிதான் தகுதி என்றால், டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், நர்சிங் எல்லாவற்றிலும் பாதிதான். ஏழாம் வகுப்பில் நான் நடத்திய நேர்மாறல்! நான்கு நாள் வாடகை 24,000-க்கு 12,000. டாக்டர், தியேட்டர் வகையில் 96,000-க்கு 48,000. மருந்து, பரிசோதனை 60,000 முழுசாகக் கிடைத்தது. இவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. ஆக 1,20,000. அதிலும் 20 சதவீதம் கோ-பே, 24,000. மிச்சம் 96,000.

3,000 ரூபாய் அறையில் படுத்திருந்தால், மற்ற கட்டணம் அதேதான் என்று வைத்தாலும், கையிலிருந்து 33,600தான் போயிருக்கும். ஏசியும் சோபாவும் 50,400 ரூபாய்.

கோ-பே எதற்கு என்று கேட்டால், தேவையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் இருக்க என்கிறார்கள். அமெரிக்காவில் 1970களில் ராண்ட் நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. செலவில் பங்கு கேட்டபோது ஜனங்கள் தேவையில்லாத சிகிச்சையோடு தேவையான சிகிச்சையையும் குறைத்துக்கொண்டார்கள். 66 வயதில் யாரும் ஆசைக்கு ஆபரேஷன் செய்துகொள்வதில்லை. சம்பாத்தியம் நின்றுபோன வயதில் பங்கு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்கள் ஓய்வூதியர் திட்டத்திலும் இதன் சாயல் உண்டு. 2022 ஜூலையில் வந்த திட்டத்தில் மாதம் 497 பிடித்தம். கண்புரைக்கு 30,000 வரைதான். உயர்ந்த லென்ஸ் கேட்டால் மிச்சம் நம் கை.

வெளியூரில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு பாலிசி எடுக்கும் பிள்ளைகளே, பிரீமியம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். அறை வரம்பு உண்டா, கோ-பே எத்தனை சதவீதம், டிடக்டிபிள் என்று முதலில் நாமே கட்டவேண்டிய தொகை ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்று தருவார்கள். கேட்டால் தமிழிலும் தர வேண்டும். அதை அப்பாவிடம் கொடுத்து அனுப்புங்கள். காலையில் பத்து மணி வரை வீட்டுத் திண்ணையில்தான் இருப்பேன், சேர்ந்து படிக்கலாம்.