பனிச்சாலையில் 4×4: அனுமதி வேறு, பாதுகாப்பு வேறு

குளிர்காலத்தில் பனி பொழிந்துவிட்டால், மணாலியிலிருந்து அடல் சுரங்கம் நோக்கிச் செல்லும் சாலையில் ஒரு கட்டுப்பாடு நடைமுறைக்கு வரும். 4×4 வண்டிகளும் சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டிகளும் மட்டுமே மேலே செல்லலாம் என்பார்கள். விதி சரியானதே. ஆனால் ‘இவ்வண்டி செல்லலாம்’ என்னும் அனுமதியை ‘இவ்வண்டிக்கு ஆபத்தில்லை’ என்னும் உறுதிமொழியாக நாம் வாசித்துக்கொள்கிறோம். மொழியியலில் இதனை உட்குறிப்பு என்போம். சொல்லப்படாத ஒன்றைக் கேட்பவர் தாமே வருவித்துக்கொள்வது அது. வகுப்பறையில் அது ஒரு பாடம். மலைச்சாலையில் உயிர்ப் பிரச்சினை.

முதற்குழப்பம் பெயரில் தொடங்குகிறது. ‘நான்கு சக்கர வாகனம்’ என்றால் எந்தக் காரும் அதில் அடங்கும். ‘நான்கு சக்கர இயக்கம்’ என்பதோ எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் அமைப்பு. தோற்றத்தைக் கொண்டும் இதனை முடிவு செய்ய இயலாது. மகிந்திரா தார் வண்டியிலேயே 2023 முதல் பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட வகையும் விற்பனையில் உள்ளது. உயரமான வண்டிகள் அனைத்தும் 4×4 அல்ல.

உண்மையான 4×4 வண்டியே ஆயினும், அதன் வலிமை முதன்மையாக வண்டியை நகர்த்துவதில்தான் உள்ளது. இரு சக்கரங்கள் வழுக்கிச் சுழலும் இடத்திலும் மற்ற இரண்டு இழுத்துச் செல்லும். நிறுத்துவது வேறு செயல். பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களையும் பிடிக்கிறது. அதில் 4×4க்குத் தனிச்சலுகை இல்லை. பிடிப்பைத் தருவது டயரும் தரையும் மட்டுமே. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கை அழுத்தியபின் உலர்ந்த சாலையில் சுமார் 8 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 30 மீட்டர், கண்ணாடிபோல் உறைந்த பனியில் 60 மீட்டர் வரை ஆகும். உராய்வுக் கெழுவைக் கொண்டு எவரும் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 4×4 வண்டி எளிதாக வேகமெடுப்பதால், சாலை வழுக்குகிறது என்ற எச்சரிக்கை ஓட்டுநருக்குத் தாமதமாகவே கிடைக்கிறது.

இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்லும்போது எஞ்சினின் தடுப்பு நான்கு சக்கரங்களுக்கும் பகிரப்படும் என்பது நியாயமான மறுப்பு. அந்நன்மை உண்மையே. ஆயினும் தேய்ந்த டயர் உறைபனியின் மேல் நிற்கும்போது அதுவும் கைகொடுக்காது. ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடுகிறது. குளிர்கால டயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். சுமார் 9 கி.மீ. நீளமுள்ள சுரங்கத்தினுள் பனி விழாத சாலையில் வந்தவர், லாகுல் பக்க வாயிலைக் கடந்ததும் உறைந்த சாலையில் இறங்க நேரலாம். அந்த நொடியில் துணை நிற்பவை டயரும் குறைந்த வேகமுமே.

எனவே என் கருத்து இது. சோதனைச்சாவடியில் வண்டியின் வகையைப் பார்ப்பதோடு டயரின் பட்டன்களையும் பார்க்க வேண்டும். ‘4×4 ஏற உதவும், நிறுத்த உதவாது’ என்னும் ஒரு வரியை இந்தியிலும், பயணிகள் பேசும் பிற மொழிகளிலும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும்.

விடுமுறையில் குழுவாகச் செல்லும் மாணவ நண்பர்கள், வாடகை வண்டியை அமர்த்துமுன் மூன்று கேள்விகள் கேட்கலாம். டயர் எந்நிலையில் உள்ளது? சங்கிலி வண்டியில் இருக்கிறதா? ஓட்டுநருக்குப் பனியில் ஓட்டிய பழக்கம் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இதற்கு மேல் வேண்டாம், திரும்பிவிடலாம்’ என்று ஓட்டுநர் சொன்னால், கொடுத்த பணத்தையும் ‘4×4 தானே’ என்ற வாதத்தையும் காட்டி அவரை வற்புறுத்தாதீர்கள். அந்தச் சாலையை நம் அனைவரினும் நன்கறிந்தவர் அவரே.