விரிசல் வழியே போகும் கூலி

கதவைச் சாத்துகிறான், தாழிடுகிறான், திரையை இழுத்து விடுகிறான். அப்படியும் காற்று வருகிறது! அழையா விருந்தாளியாய் வருகிறது. சன்னல் சட்டத்துச் சந்தில் நுழைகிறது, அடித்தள மரத்தின் இடுக்கில் புகுகிறது. வந்த காற்று வெறுங்கையோடு திரும்புவதில்லை. பாய்லர் தந்த சூட்டை அள்ளிக்கொண்டு கூரை வழியே வெளியேறுகிறது. மாதம் முடிந்ததும் பில் வருகிறது. வீட்டில் தங்கிய சூட்டுக்கு மட்டுமல்ல, தப்பி ஓடிய சூட்டுக்கும் சேர்த்துக் காசை வை என்கிறது அந்த பில்!

எங்கே நடக்கிறது இது? ஏழை நாட்டிலா? இல்லை, தோழர்களே! செல்வச் சீமை என்று பெயரெடுத்த அமெரிக்காவில். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரை நகரமான நியூ பெட்ஃபோர்டில்.

ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்குப் பேர்போன துறைமுகம் அது. பிறகு பஞ்சாலை நகரமாயிற்று. போர்ச்சுக்கலிலிருந்தும், போலந்திலிருந்தும், கேப் வெர்டே தீவுகளிலிருந்தும், கனடாவிலிருந்தும் கூலி தேடி வந்தவர்கள் அந்த ஆலைகளில் நூல் நூற்றனர். அவர்கள் குடியிருக்க எழுந்தவைதான் மூன்றடுக்கு மரவீடுகள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடும்பங்கள். நூறாண்டு கடந்த அந்த வீடுகள் தெருத்தெருவாக இன்றும் நிற்கின்றன. ஆலைகள் போய்விட்டன, மீன்பிடிப் படகுகள் நிற்கின்றன. உழைப்பவன் மாறினான், அவன் வாழும் சுவர் மாறவில்லை.

அந்தச் சுவரைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். உள்ளே என்ன? வெற்றிடம்! வெளியே பலகை, உள்ளே பூச்சு, நடுவே ஒன்றுமில்லை. கடற்காற்று அடிக்கிறது, உப்பு ஆணியை அரிக்கிறது, ஈரம் மரத்தை உளுக்கிறது. சூடான காற்று மேலே எழும்பும். பரண் வழியே போகும். அது போன இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்காற்று ஏறும். வீடு வீடாக இல்லை, புகைபோக்கியாக இருக்கிறது!

1928ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் நியூ பெட்ஃபோர்டு ஆலை முதலாளிகள் கூலியில் 10 சதவீதம் வெட்டு என்று அறிவித்தனர். ஏறத்தாழ 30,000 தொழிலாளர் வெளியே வந்தனர். ஆறு மாதம் தறி ஓடவில்லை. வயிறு காய்ந்தது, உறுதி காயவில்லை. முடிவில் வெட்டு பாதியாயிற்று.

அன்று கூலியை வெட்டியவன் முதலாளி. அவனுக்கு முகம் இருந்தது, முகவரி இருந்தது. அவன் வாசலில் நின்று முழக்கமிட முடிந்தது. இன்று அதே நகரத்தில், அதே வீட்டில், கூலியை வெட்டுவது எது? விரிசல்! அதற்கு முகமுமில்லை, முகவரியுமில்லை. முன்னறிவிப்புக் கொடுக்காமல், பேச்சுவார்த்தைக்கு வராமல், குளிர்காலம் முழுதும் வெட்டிக்கொண்டே இருக்கிறது.

மருந்து இல்லையா? இருக்கிறது! வாசற்படியில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்கள். எங்கெங்கே ஓட்டை என்று வீடே காட்டிக் கொடுத்துவிடும். ஓட்டைகளை அடைப்பார்கள். சுவரில் சிறு துளையிட்டு, உள்ளிருக்கும் வெற்றிடத்தில் காகிதப் பஞ்சை ஊதி நிரப்புவார்கள். எந்தக் காகிதம் தெரியுமா? பழைய செய்தித்தாள்! அரைத்துத் துகளாக்கி, தீப்பிடிக்காதிருக்கப் போரான் உப்புக் கலந்து திணிக்கிறார்கள். நேற்றைய நாளேடு நாளைய சுவருக்குப் போர்வை! பிறகு, அடைத்த வீட்டில் நச்சுப்புகை தங்காதபடி பாய்லரைச் சோதிப்பார்கள். ஈரம் வெளியேற வழி வைப்பார்கள். இதற்குத்தான் வெதரைசேஷன் என்று பெயர். வீட்டுக்குக் குளிர் தாங்கும் சட்டை மாட்டுவது என்று நாம் சொல்லிக் கொள்ளலாம்.

மருந்து இருக்கிறது, பணமும் இருக்கிறது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து அமெரிக்காவை உலுக்கியது. அதன்பின் 1976இல் ஏழைகளின் வீடுகளுக்கு இந்த வேலையை இலவசமாகச் செய்து கொடுக்கக் கூட்டரசு ஒரு திட்டம் வகுத்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்திலோ மின்சார பில்லிலேயே ஒரு தொகை பிரித்து நிதி சேர்க்கிறார்கள். குறைந்த வருமானக்காரருக்கு அந்த நிதியிலிருந்து இலவசமாகவே செய்கிறார்கள். மற்றவர்களுக்குச் செலவில் பெரும்பகுதி தள்ளுபடி. பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம்.

ஆனால், கேட்க வேண்டியதையும் கேட்போம். பில் கட்டுகிறவர் எல்லோரும் நிதி கொடுக்கிறார்கள். நிதியின் பயன் எல்லோருக்கும் போகிறதா?

மாசசூசெட்ஸ் திட்டத்தை நடத்துகிறவர்களே 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். யார் இந்தத் திட்டத்தில் சேரவில்லை என்ற ஆய்வு. அது சொன்ன விடை என்ன? வாடகைக் குடியிருப்போர் மிகுந்த ஊர்களில், வருமானம் குறைந்த ஊர்களில், ஆங்கிலம் தெரியாதவர் நிறைந்த ஊர்களில் சேர்ந்தவர் குறைவு! அதாவது, எவனுக்குத் தேவை அதிகமோ அவனுக்குக் கிடைத்தது குறைவு. குளத்துக்கு வரி கொடுத்தவன் கரையில் நிற்கிறான். குடமுள்ளவன் மொண்டுகொண்டு போகிறான்!

ஏன் இப்படி? மூன்று பூட்டுகள் இருக்கின்றன.

முதல் பூட்டு, வாடகை. வீடு ஒருவனுடையது; பில் இன்னொருவனுடையது. சுவரைச் சரிசெய்ய வீட்டுக்காரனுக்கு அவசரமில்லை, நடுங்குவது அவனல்லவே! சரிசெய்யத் துடிக்கிறான் குடியிருப்பவன், சுவர் அவனுடையதல்லவே! வீட்டுக்காரன் கையெழுத்துப் போடாவிட்டால் திட்டக்காரர் உள்ளே வரமுடியாது. கேட்டால் வாடகையை ஏற்றிவிடுவானோ என்று குடியிருப்பவன் வாய் திறப்பதில்லை. கூட்டரசுத் திட்டத்தின் விதி ஒன்று இருக்கிறது. இந்த வேலையால் வீட்டின் மதிப்பு கூடிவிட்டது என்று காட்டி, நியாயமான ஒரு காலம் வரை வாடகையை உயர்த்தக் கூடாது என்கிறது அது. விதி ஏட்டில் இருக்கிறது. வாடகைக்காரன் காதில் அதை ஓதியவர் யார்?

இரண்டாம் பூட்டு, பழுது. சில வீடுகளில் பீங்கான் குமிழிகளில் ஓடும் பழங்காலத்து ஒயரிங் இருக்கிறது. அதை மாற்றாமல் சுவரில் பஞ்சு திணித்தால் ஆபத்து. சில வீடுகளில் பூஞ்சை, சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ். "முதலில் அதைச் சரிசெய்து வா, பிறகு பார்ப்போம்" என்று திரும்பிவிடுகிறார்கள். நோய் முற்றியவனை, குணமான பிறகு மருத்துவமனைக்கு வா என்று சொல்வதல்லவா இது?

மூன்றாம் பூட்டுதான் பெரிய பூட்டு: முதலில் செலவழி, பிறகு கழித்துத் தருகிறோம் என்னும் முறை. 2022இல் வந்த சட்டம் என்ன சொன்னது? வீட்டுக்குப் பஞ்சு திணித்தால், சன்னல் மாற்றினால், செலவில் 30 சதவீதம், ஆண்டுக்கு 1,200 டாலர் வரை வருமான வரியில் கழித்துக்கொள் என்றது. வருமான வரி கட்டும் அளவுக்கு ஊதியம் இல்லாதவன் எதில் கழிப்பான்? இல்லாத வரியிலா? பந்தியில் இடமில்லாதவனுக்கு இரண்டு இலை போட்டோம் என்ற கதைதான்! அந்தக் கழிவும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்தது.

அதே 2022ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்கள் வழியே தள்ளுபடி தர 880 கோடி டாலர் ஒதுக்கியது. சட்டம் பிறந்தது ஆகஸ்டில். முதன்முதலாக ஒரு மாநிலம், நியூயார்க், கொடுக்கத் தொடங்கியது 2024 மே மாதத்தில். நடுவே இரண்டு குளிர்காலங்கள் வந்து போயின. குளிர் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பதில்லை!

2025ஆம் ஆண்டு இன்னும் கொடுமை. வெப்பச் செலவுக்கு ஏழைகளுக்கு உதவும் கூட்டரசுத் திட்டத்தைக் கவனித்து வந்த அலுவலர் அனைவரையும் ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பினர். அக்டோபரில் அரசு அலுவல்கள் முடங்கின. நவம்பர் நடுப்பகுதி வரை முடங்கிக் கிடந்தன. பனி வந்தது, பணம் வரவில்லை.

மாசசூசெட்ஸிலும் அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு வெட்டு. பில் தாங்க முடியவில்லை என்று மக்கள் கொதித்தனர். மூன்றாண்டுத் திட்டத்தின் 500 கோடி டாலரில் 50 கோடியைக் குறை என்று மாநில ஒழுங்குமுறைத் துறை ஆணையிட்டது. மக்கள் கொதிப்பில் நியாயம் இருக்கிறது. பயன் பெறாதவன் பணம் மட்டும் கட்டினால் கொதிக்காமல் என்ன செய்வான்? ஆனால் குறைக்க வேண்டியது எது? ஏழையின் சுவருக்குப் போகும் பஞ்சையா, வசதியுள்ளவனுக்குப் போகும் தள்ளுபடியையா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத வெட்டு சிக்கனமல்ல.

"எல்லாவற்றுக்கும் அரசா? அவனவன் வீட்டை அவனவன் பார்த்துக் கொள்ளக் கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். பில் உதவி என்பது ஆண்டுதோறும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. வீட்டை அடைத்துத் தருவது பானையை அடைப்பது. ஒருமுறை செய்தால் பல குளிர்காலத்துக்கு மிச்சம். வேலை செய்பவனும் அந்த ஊர்த் தொழிலாளியே. கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்!

ஆகவே, நியூ பெட்ஃபோர்டின் மூன்றடுக்கு வீட்டுக்காக நாம் சொல்வது இது. தள்ளுபடிச் சீட்டை நீட்டிவிட்டு, வந்தவனுக்கு மட்டும் கொடுக்காதீர். தெருவைக் குறித்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வீடு வீடாகப் போங்கள். அவனுக்குப் புரியும் மொழியில் பேசுங்கள். போர்ச்சுகீசியத்தில் பேசுங்கள், ஸ்பானியத்தில் பேசுங்கள். ஒயரிங்கையும் பூஞ்சையையும் காட்டித் திரும்பிப் போகாதீர்; அதற்கும் சேர்த்து நிதி வையுங்கள். வாடகை ஏறாது என்ற உறுதியை எழுத்தில் கொடுத்துக் குடியிருப்பவன் கையில் வையுங்கள். கையில் காசிருப்பவன் கடைசியில் வரட்டும். அவனுக்குக் காத்திருக்கத் தெம்பிருக்கிறது.

எங்கோ உள்ள ஊரின் குளிர் நமக்கென்ன என்று நினைக்காதீர், தோழர்களே! உழைத்தவன் கூலி அவன் வீட்டுக்குள் தங்கவேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான வழக்கு. 1928இல் அவன் ஆலை வாசலில் அந்த வழக்கைத் தொடுத்தான். இன்று அது அவன் வீட்டுச் சுவருக்குள் நடக்கிறது. தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் அடுத்த பனிக்காலம் வரை வாய்தா போடக்கூடாது!