வீழ்ந்த பொம்மை மறுபடியும் எழுவது நியாயமா?

சித்திரக்கதைகள் திரைப்படமாவது பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அதே கதைகள் மேசை மீது யுத்த விளையாட்டாக மாறுவது பற்றி நம்மவர்கள் பேசுவது குறைவு. மூன்று நான்கு சென்ரிமீற்றர் உயரமுள்ள உலோக அல்லது பிளாஸ்ரிக் உருவங்களுக்கு வர்ணம் தீட்டி, மேசையில் வீடுகளும் வீதிகளும் அமைத்து, உருவங்கள் நகரும் தூரத்தை அளவு நாடாவால் அளந்து, தாக்குதலின் பலனைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் ஆட்டம் இது. ஒரு மாலைப்பொழுதோடு முடிந்துவிடாமல், ஓர் ஆட்டத்தின் விளைவு அடுத்த ஆட்டத்தின் தொடக்கமாக அமையும்படி வாரக்கணக்கில் நடத்தினால் அதனைத் தொடராட்டம் எனலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்கள் சிலர் தமது பிள்ளைகளின் அறைகளில் இவ்வுருவங்களைக் கண்டிருக்கக்கூடும்.

வெறும் பொழுதுபோக்குத்தானே, இதில் அபிப்பிராயம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு யுத்தக் கதையை விளையாட்டாக்கும்போது நாம் எதை எடுத்துக்கொள்கிறோம், எதை வசதியாக விட்டுவிடுகிறோம் என்பதில் யுத்தம் பற்றிய நமது மனோபாவம் வெளிப்பட்டுவிடுகிறது.

இந்த விளையாட்டின் பிறப்பிடம் இராணுவ முகாமாகும். ரைஸ்விட்ஸ் குடும்பத்தில் தந்தை தொடங்கி மகன் செம்மைப்படுத்திய யுத்த விளையாட்டு 1824இல் நூலாக வெளிவந்து, பிரஷ்ய இராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கருவியாயிற்று. அதனைச் சாதாரண மக்களின் வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். ஈயச் சிப்பாய்களையும் விசைவில்லால் இயங்கும் பொம்மைப் பீரங்கிகளையும் வைத்து விளையாடுவதற்கான விதிகளை 'லிற்றில் வோர்ஸ்' என்ற நூலில் அவர் 1913இல் வெளியிட்டார். பொம்மை யுத்தத்தைச் சில தடவை ஆடிப்பார்ப்பவனுக்கு மெய்யான யுத்தம் எத்தகைய மூடத்தனம் என்பது விளங்கிவிடும் என்பதே நூலின் முடிவில் அவர் சொன்ன கருத்து. மறு ஆண்டே முதலாம் உலக யுத்தம் மூண்டது. விளையாட்டு அவர் எதிர்பார்த்த பாடத்தைத் தானாகப் புகட்டிவிடவில்லை. பாடம் விதிகளில் இருந்தாலன்றி ஆடுபவனிடம் போய்ச் சேராது.

அமெரிக்க உதாரணம் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். மார்வெல் நிறுவனம் 2006, 2007 ஆண்டுகளில் ஏழு இதழ்களாக வெளியிட்ட 'சிவில் வோர்' கதையை எழுதியவர் மார்க் மில்லர். வரைந்தவர் ஸ்ரீவ் மக்நிவன். அதிசய ஆற்றல் கொண்டோர் நடத்திய ஒரு மோதலில் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் மாண்டுபோகின்றனர். அதன் எதிரொலியாக, முகமூடி நாயகர்கள் யாவரும் அரசாங்கத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று சட்டம் வருகிறது. அயன் மேன் சட்டத்தின் பக்கம் நிற்கிறார். கப்டன் அமெரிக்கா அதை எதிர்க்கிறார். தோழர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து மோதுகின்றனர்.

இரண்டு அணிகள், பல களங்கள், இடையில் கட்சி மாறுவோர் என்று தொடராட்டத்துக்கென்றே செய்துவைத்தது போன்ற கதை இது. மார்வெல் உருவங்களுக்கும் குறைவில்லை. விஸ்கிட்ஸ் நிறுவனத்தின் 'ஹீரோகிளிக்ஸ்' 2002இல் வந்தது. அதில் உருவத்தின் அடியிலுள்ள வட்டத்தைத் திருப்பத் திருப்ப நாயகனின் பலம் மாறும். 2019இல் வந்த 'மார்வெல் கிரைசிஸ் புரோட்டோகோல்' விளையாட்டில் நாயகர்கள் மேசையிலுள்ள மோட்டார் வண்டியைத் தூக்கி எதிரி மீது வீசலாம்.

ஆனால் அந்தக் கதை எப்படி முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இறுதி மோதலில் கப்டன் அமெரிக்காவின் கை ஓங்கியிருக்கிறது. அவரை மடக்கிப் பிடிப்பவர்கள் தீயணைப்பாளர், மருத்துவ உதவியாளர் போன்ற சாதாரண மனிதர்கள். சுற்றிலும் சிதைந்து கிடக்கும் நகரத்தைப் பார்த்த பின்னர் அவர் தாமாகவே சரணடைகிறார். வெல்லப்போகிறவன் தோல்வியை ஏற்றுக்கொள்வதுதான் அக்கதையின் உயிர். வீழ்த்தப்பட்ட உருவங்களையும் கைப்பற்றப்பட்ட இலக்குகளையும் மாத்திரம் எண்ணும் விதிகளின்படி ஆடினால் அந்த முடிவு ஒருபோதும் நேராது. அங்கே நகரம் எறிவதற்கு வசதியான பொருள். அதை இடித்தவனுக்குப் புள்ளி குறைவதில்லை. நான்காவது இதழில் கொல்லப்படும் கோலியாத், அடுத்த வாரம் புத்தம் புதிதாக மேசையில் வந்து நிற்பான்.

அப்படியானால் கதையில் நடந்தவற்றை ஒன்றுவிடாமல் அதே வரிசையில் நடத்த வேண்டுமா? அதுவும் கூடாது. ஐந்தாவது ஆட்டத்தில் யார் தோற்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் பகடை எதற்கு? கதையின் கேள்விகளை வைத்துக்கொண்டு விடைகளை ஆடுவோரிடம் விட்டுவிடுவதே சரியான வழி என்பது எனது அபிப்பிராயம். பதிவு செய்துகொண்ட நாயகனுக்கு அரசாங்கத்தின் வைத்தியமும் ஆட்பலமும் கிடைக்கட்டும். அவனது குடும்பம் எதிரிகளுக்குத் தெரிந்துவிடட்டும். பதிவு செய்யாதவனின் இரகசியம் காப்பாற்றப்படட்டும். காயம்பட்டால் அவன் இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே இருக்கட்டும். உடையும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரு தரப்பினருக்கும் பொதுவான மக்கள் ஆதரவுக் கணக்கில் ஒரு புள்ளி குறையட்டும். கணக்குச் சூனியமானால் இருவருமே தோற்றவர்கள். இப்படி விதித்துவிட்டால், சரணடைவதா இல்லையா என்ற கேள்வி ஆடுபவனின் முன்னே தானாகவே வந்து நிற்கும்.

இனி, நிஜமான யுத்தத்தைக் கருவாகக் கொண்ட கதைக்கு வருவோம். பிரித்தானிய வாரச் சித்திரக்கதைகள் தமிழர்களுக்கு அந்நியமானவை அல்ல. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972 முதல் நமக்கு அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி, 'வேலியன்ற்' என்ற பிரித்தானிய வார இதழில் பிறந்தவர்தான். அதே மரபில், 'பற்றில்' என்ற இதழில் 1979இல் தொடங்கியது 'சார்லீஸ் வோர்'. எழுதியவர் பற் மில்ஸ். வரைந்தவர் ஜோ கொல்கூன். வயதை மறைத்துப் படையில் சேரும் பதினாறு வயதுச் சிறுவன் சார்லி போர்ன், 1916இல் பிரான்ஸின் சொம் போர்முனைக்கு அனுப்பப்படுகிறான். அப்போரின் முதல் நாளான யூலை 1இல் மாத்திரம் பிரித்தானியத் தரப்பில் 57,470 பேர் இழப்புப் பட்டியலில் சேர்ந்தனர்; அவர்களில் 19,240 பேர் உயிரிழந்தவர்கள்.

இந்த எண்களை வைத்து ஒரு தளபதியின் ஆட்டத்தைச் செய்வது சுலபம். பட்டாலியன்கள், பீரங்கி அணிகள், கைப்பற்றிய யார் கணக்கு. மில்ஸின் கதை அதற்கு நேரெதிராக அகழியின் அடியிலிருந்து பார்க்கிறது. பல்லாண்டு யுத்தம் நடந்த ஒரு நாட்டில் பத்திரிகைத் தொழில் செய்தவனுக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். எண்ணிக்கை அன்றிரவே அறிக்கையாக வந்துவிடும். பெயர்கள் வருவதற்கு நாளாகும். சில பெயர்கள் வருவதே இல்லை.

ஆகவே சார்லியின் கதையைத் தொடராட்டமாக்க விரும்புவோர் படைப்பிரிவுகளை விட்டுவிட்டுப் பத்துப் பன்னிரண்டு சிப்பாய்களுடன் தொடங்க வேண்டும். ஒவ்வோர் உருவத்துக்கும் பெயரும் ஊரும் வேண்டும். செத்த உருவம் பெட்டிக்குள் போனால் போனதுதான். அதன் இடத்துக்கு வருபவன் பயிற்சி குறைந்தவனாக, இரண்டு ஆட்டங்களைத் தாண்டும் வரை பெயரில்லாதவனாக இருக்க வேண்டும். சார்லி வீட்டுக்கு எழுதும் எழுத்துப்பிழை மலிந்த கடிதங்கள் கதையின் பெரும் பலம். ஆகையால் ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ஆடுபவர் ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். தணிக்கையைத் தாண்டக்கூடியதாகவும் தாயைக் கலங்கடிக்காததாகவும் அது இருக்க வேண்டும். மூன்றாவது கடிதம் எழுதும்போது ஆடுபவருக்கு என்ன நேர்கிறது என்பதை அவரே அறிந்துகொள்வார்.

இன்னொன்று உத்தரவு. கதையில் வரும் லெப்டினன்ற் தோமஸ், தன் ஆட்களைக் காப்பாற்றுவதற்காகப் பின்வாங்கியமைக்கு இராணுவ நீதிமன்றத்தினால் மரண தண்டனை பெறுகிறார். அவரைச் சுட மறுக்கும் சார்லி தண்டிக்கப்படுகிறான். இதில் கற்பனை குறைவு. முதலாம் உலக யுத்தத்தில் படையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட பிரித்தானிய, பொதுநலவாயச் சிப்பாய்கள் 306 பேருக்குப் பிரித்தானிய அரசு 2006இல்தான் மன்னிப்பளித்தது. மேசையில் இதை எளிதாகக் கொண்டுவரலாம். மேலிட உத்தரவு சீட்டில் வரும். அதன்படி முன்னேறினால் உருவங்கள் வீழும். மீறினால் உருவங்கள் பிழைக்கும், ஆனால் தலைவன் விசாரணைக்குப் போவான். எதிரே அமர்ந்திருக்கும் ஆட்டக்காரரைவிட இந்தச் சீட்டுத்தான் பலம் வாய்ந்த எதிரி.

இவ்வளவு துயரத்தை விலைகொடுத்து வாங்க யார் வருவார், வாரம் முழுவதும் உழைத்தவன் மேசைக்கு வருவது பிரசங்கம் கேட்கவா என்று ஆட்டக்காரர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இரண்டு தரப்புக்கும் சமமான வாய்ப்பு, தெளிவான வெற்றி, சிரித்துப் பேசி முடியும் ஓர் இரவு ஆகியவற்றில் எந்தக் குற்றமும் இல்லை. சதுரங்கத்தில் சிப்பாய் வெட்டுண்டதற்காக யாரும் அழுவதில்லை. ஆனால் சதுரங்கம் எந்தச் சிறுவனின் பெயரையும் கடன் வாங்கவில்லை. சார்லியின் பெயரையும் சீருடையையும் அகழியையும் எடுத்துக்கொண்டு, அவன் சுமந்ததை மட்டும் வேண்டாம் என்பது அந்தக் கதைக்குச் செய்யும் அநீதி. இலேசான ஆட்டம் வேண்டுவோருக்கு இலேசான கதைகள் ஏராளமாக உள்ளன.

யுத்தத்தை விளையாட்டாக்குவதே பாவம் என்று சொல்வோரும் உண்டு. அவர்களுடனும் நான் உடன்படவில்லை. திரையில் ஒரு விநாடியில் நூறு பேர் மடிவதைப் பார்த்துக்கொண்டே சோறு உண்ணலாம். தன் கையால் பல மணி நேரம் வர்ணம் தீட்டிய ஓர் உருவத்தைத் தானே எடுத்துப் பெட்டியில் படுக்க வைப்பவன் அவ்வளவு சுலபமாக அதைக் கடந்துவிட மாட்டான்.

மில்ஸ் எழுதிய கடைசிப் பகுதியில் ஆண்டு 1933. யுத்தத்தில் பிழைத்துவந்த சார்லி வேலையின்றி அரச உதவிப்பணத்தில் வாழ்கிறான். ஜேர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்துவிட்டார். ஒரு தொடராட்டத்தின் கடைசி மாலையும் அப்படியே அமையலாம். அன்று பகடை வேண்டியதில்லை. எஞ்சிய உருவங்களை மேசையில் நிறுத்தி, தொடக்கத்தில் எழுதிய பெயர்ப்பட்டியலை உரக்க வாசித்து, யார் இருக்கிறார் யார் இல்லை என்று பார்த்தால் போதும். வென்றவர் யார் என்ற கேள்விக்கு அன்று அந்த மேசையில் என்ன விடை கிடைக்கிறதோ, அதுவே அந்தக் கதையின் விடை.