வில்லையும் வேழமும்

சென்ற வாரம் என் மாணவன் ஒருவன் வந்தான். "ஐயா, கல் ஓயா யானைகளை வீடியோப் படம் பிடிக்க 600 மில்லிமீற்றர் வில்லை ஒன்று வாங்கப் போகிறேன்" என்றான். அவன் அன்னை லுணுகலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்துச் சேர்த்த பணம் அது. "சற்றுப் பொறு, தம்பி" என்றேன்.

வில்லையை மட்டும் நோக்கினாற் போதாது; ஒளியை வாங்கிப் படமாக்கும் கமெராவின் உணரியையும் நோக்குதல் வேண்டும். முழு அளவு உணரியில் 450 மில்லிமீற்றர் தரும் நெருக்கத்தை, சிறிய ஏபிஎஸ்-சி உணரியில் 300 மில்லிமீற்றரே ஏறக்குறையத் தந்துவிடும். அவனிடமிருப்பது சிறிய உணரியே.

அடுத்து, இடம். கல் ஓயா 1954ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாயிற்று. அங்கே சேனாநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும் அரிய காட்சியைப் படகிலிருந்தே காணலாம். ஆனால் படகு ஆடும், முக்காலி உதவாது. வில்லை நீள நீள, படத்தின் நடுக்கமும் பெருகும். மரக்கிளையிலுள்ள சிறு பறவைக்கு 600 தேவைப்படலாம். யானைக்கு ஏன்? அது நீந்தும் நீர்ப்பரப்பும் படத்தில் தெரியவேண்டுமன்றோ? நடுக்கந் தணிக்கும் அமைப்புடன், 70 முதல் 300 வரை மாற்றத்தக்க வில்லையே போதும். வெயில் ஏறியபின் கரையிலிருந்து எழும் வெப்பக்காற்று காட்சியைக் கலைக்கும். அதற்கு எவ்வில்லையும் மருந்தன்று. காலையே நன்று.

மிஞ்சும் பணத்தில் அன்னையையும் படகேற்றி அழைத்துச் செல்வதாகக் கூறி அவன் விடைபெற்றான்.