பகடையும் பயிற்சியும்

மேசையைச் சுற்றி நால்வர் அல்லது ஐவர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகி, அம்மாந்தர் செய்யப்போவதை வாயால் சொல்லுவர். பூட்டைத் திறக்க இயலுமா, மதிலைத் தாண்ட இயலுமா என்னும் ஐயம் எழும்போது பகடை உருளும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியாகும். இன்று அதில் இருபது முகப் பகடையே மிகுதியாக உருட்டப்படுகிறது. விழுந்த எண்ணோடு கதைமாந்தரின் பயிற்சிக்குரிய கூடுதல் புள்ளியும் சேரும். கூட்டுத்தொகை இலக்கை எட்டினால் செயல் கைகூடும்.

அக்கூடுதல் புள்ளி எவ்வளவு இருத்தல் வேண்டும்? விளையாட்டின் நேர்மை இவ்வினாவில்தான் அடங்கியுள்ளது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில், இருபதாம் நிலையை அடைந்தவர் தாம் தேர்ந்த திறனில் 23 புள்ளிகள் வரை பெறலாம். அவருக்குப் பகடையில் 1 விழுந்தாலும் கூட்டுத்தொகை 24 ஆகிவிடும். உடல்வலிமை, அறிவு முதலிய பிற புள்ளிகள் சமமெனக் கொண்டால், அத்திறனைப் பயிலாத தோழருக்கு 20 விழுந்தாலும் கிடைப்பது 20 மட்டுமே. வல்லவருக்கு ஏற்ற இலக்கை வைத்தால் தோழர் பகடையைத் தொடுவதே வீண். தோழருக்கு ஏற்ற இலக்கை வைத்தாலோ, வல்லவர் தோற்கவே வழியில்லை. மாலைப்பொழுது முழுவதும் பிறர் உருட்டுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனை எண்ணினால் இக்குறை விளங்கும். அவன் விளையாட வந்தவன். வேடிக்கை பார்க்க வந்தவன் அல்லன்.

2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு இதற்கு வரம்பு கட்டியது. பயிற்சிப் புள்ளி 2இல் தொடங்கி 6இல் நின்றுவிடும். சிலர் மட்டும் அதனை இரட்டித்துக்கொள்ளலாம். வரம்பு நல்லதே. ஆயினும் தொடக்கத்தில் தரும் 2 மிகக் குறைவு. இலக்கு 15 எனில், பயிலாதவர் 20 முகங்களுள் 6இல் வெல்வார். பயின்றவர் 8இல் வெல்வார். வேறுபாடு இரண்டே முகங்கள்! பூட்டுத்தொழில் கற்றவர் தோற்றுப்போக, பின்னால் வந்த யாரோ ஒருவர் அதே பூட்டைத் திறந்துவிடும் காட்சி அடிக்கடி நிகழும். ஒருமுறை நிகழ்ந்தால் சிரிக்கலாம். ஒவ்வொரு மாலையும் நிகழ்ந்தால், கற்றதற்கு மதிப்பேது?

ஒற்றைப் பகடையில் எல்லா எண்ணும் விழ ஒரே அளவு வாய்ப்புண்டு என்பதே இதற்கு வேர். இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் நிலை மாறும். 36 வகைகளுள் 7 ஆறு வகையில் விழும். 2உம் 12உம் ஒவ்வொரு வகையிலேயே விழும். தாயக்கட்டைகளை உருட்டியவர் இதனைக் கண்டிருப்பர். அங்கும் மூன்று அடிக்கடி விழும். ஆறு அரிதாகவே விழும்.

1977இல் வெளிவந்த ‘டிராவலர்’ இவ்விரு பகடை முறையை மேற்கொண்டது. இலக்கு 8 என்றால் 36இல் 15 வகைகள் வெற்றி தரும். ஒரே ஒரு புள்ளி கூடினால் அது 21 ஆகும். இலக்கு 12 என்றாலோ, அதே புள்ளி ஒன்றை மூன்றாக மட்டுமே உயர்த்தும். அன்றாட வேலையில் பயிற்சி பெரிதும் கைகொடுக்கிறது. அரிய செயலோ வல்லவருக்கும் அரியதாகவே நிற்கிறது. தச்சரும் தையற்காரரும் தம் தொழிலில் காண்பது இதுதான். ஆகவே, திறனை அளக்க இரு பகடைகளே தக்கவை.

ஒற்றைப் பகடையில் கணக்கு எளிது, 20 விழும் கணத்தில் மேசையே ஆர்ப்பரிக்கும் என்பர் அதனை விரும்புவோர். அதுவும் மெய்யே. அதனை விட மனமில்லாதோர் பயிற்சிப் புள்ளியை 4இலாவது தொடங்கலாம். அப்போது அந்த 15ஐ எட்ட 10 முகங்கள் கிடைக்கும். மேலும், அவசரமோ ஆபத்தோ இல்லாதபோது, கற்றவர் பகடை உருட்டாமலே பூட்டைத் திறக்கட்டும். காவலரின் காலடி ஓசை நெருங்கும்போது உருட்டினால் போதும்.