முகவரி தவறினால் தபால் ஆபீசை இடிப்பதா?

கடித உறையின் மேல் "கடலூர்" என்று மட்டும் எழுதினால் போதுமா? பழைய நகரமா, புதுநகரமா? தபால்காரர் திண்டாடுவார். கடிதம் திரும்பியும் வந்துவிடலாம். அதற்காகத் தபால் ஆபீசையே இடிக்கச் சொல்வார் உண்டா?

கம்ப்யூட்டர் விஷயத்தில் சொல்கிறார்கள்!

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி மாணவியை நினைத்துப் பாருங்கள். விடிந்தால் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். அவளிடம் இருப்பது லினக்ஸ் மடிக்கணினி. திரையில் உள்ள சின்னத்தை அழுத்துகிறாள். அசைவில்லை. பி.டி.எப். கோப்பைத் தட்டுகிறாள். படிக்கும் மென்பொருளுக்குப் பதில், படம் திருத்தும் "ஜிம்ப்" வந்து நிற்கிறது!

பதறிப் போய்க் கடைக்கு ஓடுகிறாள். "லினக்ஸ் என்றாலே இப்படித்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு போடலாம்" என்கிறார் கடைக்காரர். அழித்தும் ஆயிற்று. அதோடு ஆறு மாத உழைப்பும் போயிற்று!

இது தேவைதானா?

சீட்டும் பதிவேடும்

திரையில் தெரியும் சின்னம் மென்பொருள் அல்ல. அது ஒரு முகவரிச் சீட்டு. "டெஸ்க்டாப்" என்று முடியும் பெயருள்ள சிறிய எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து படிக்கலாம். அதில் "எக்செக்" என்று ஒரு வரி இருக்கும். எந்த மென்பொருளை, எங்கிருந்து இயக்குவது என்பதைச் சொல்வது அந்த வரிதான்.

மென்பொருளை வேறு உறைக்கு மாற்றினால் முகவரி பொய்யாகிவிடும். சின்னம் செத்துவிடும். அந்த வரியின் கடைசியில் சதவீதக் குறியும் "எப்" எழுத்தும் விட்டுப்போனாலோ, மென்பொருள் திறக்கும். கோப்பு உள்ளே வராமல் போகலாம். வீடு திறந்திருக்கிறது, விருந்தாளி வாசலில் நிற்கிறார்!

எந்தக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதற்குத் தனிப் பதிவேடு உண்டு. "மைம்ஆப்ஸ் லிஸ்ட்" என்பது அதன் பெயர். பயனரின் "கான்பிக்" உறைக்குள் இருக்கிறது. அதில் ஒரு வரி மாறினால் பி.டி.எப். மீண்டும் சரியான இடத்துக்குப் போகும். அதுகூட வேண்டாம். கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பண்புகள் பகுதியில் வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

சின்னம் அசையவில்லையா? "எக்செக்" வரியில் உள்ள கட்டளையை டெர்மினலில் அடித்துப் பார்க்கட்டும். சின்னம் மௌனம் சாதித்த காரணத்தை டெர்மினல் வாய்விட்டுச் சொல்லும். இடம் தவறா, அனுமதி இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கொடுத்தால் மட்டும் போதுமா?

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசுடன் "பாஸ்" லினக்சும் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கியது அது. நம் ஊர்ப் பொருள்! ஆனால் மடிக்கணினி கையில் வந்த அளவுக்கு, அதைச் சீர்செய்யும் அறிவும் கூடவே வந்ததா?

லினக்சின் பெருமை, விலை இல்லை என்பது மட்டும் அல்ல. மூடி வைத்த பெட்டி இல்லை என்பதே பெரிய பெருமை. பழுது எங்கே என்று பயனரே பார்க்கலாம். பார்க்கக் கற்றுக் கொடுக்காவிட்டால், திறந்த பெட்டியும் மூடிய பெட்டிதான்.

"மாணவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? அவர்கள் என்ன மெக்கானிக்கா?" என்று கேட்பார்கள். சைக்கிள் ஓட்டுகிறவன் கழன்ற செயினை மாட்டத் தெரிந்து வைத்திருக்கிறான். அதனால் அவன் மெக்கானிக் ஆகிவிட்டானா? நடுவழியில் நிற்காமல் வீடு போய்ச் சேருகிறான். அவ்வளவுதான்!

கடலூர், சிதம்பரம் பள்ளி, கல்லூரிகளில் இதற்கு ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் கோப்புகளுக்கு நகல் எடுக்கட்டும். பிறகு சீட்டைப் பார்க்கட்டும். அதன்பின் பதிவேட்டைப் பார்க்கட்டும். அழிப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

திருத்த வேண்டியது ஒரு வரி. அதற்காக ஒரு மாணவியின் ஆறு மாத உழைப்பைப் பலி கொடுக்கலாமா?